மெல்லிய துண்டுக்கு ஒரு மெஷின்

நான்கு வயதுப் பிள்ளை ஒரு துண்டுக் கறியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அப்போது அதன் மனதில் என்னதான் ஓடும்? என் மகளின் எதிரில் உட்கார்ந்து எத்தனையோ முறை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலது கன்னம் மட்டும் லேசாக உப்பியிருக்கும். மெல்லவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். "முழுங்கிட்டியாம்மா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். அது ஆமாமா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் எழுத வந்தது கறி வெட்டும் மெஷினைப் பற்றி. வீட்டு உபயோகத்துக்கு, எங்களைப் போன்றவர்களால் வாங்க முடிகிற விலையில் ஒரு ஸ்லைசர் தேடியதையும், வாங்கியதையும், அதை நானே கெடுத்துக்கொண்டதையும் பற்றி. ஆனால் அந்தக் கன்னத்திலிருந்து தொடங்காவிட்டால், இட்லிக்கும் சாம்பாருக்கும் பழகிய ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு மெஷின் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணவரும் முதலில் அதைத்தான் கேட்டார்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவர் இந்த ஊரிலேயே ஒரு சின்ன பீங்கான் யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது, இங்கேயேதான் அதில் டிப்ளமோ படித்தவர். மின்சார ஃபியூஸ் கட்டைகள் செய்யும் யூனிட். வாரம் முழுக்கச் சூளைச் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் சொந்தம். ஆறு மணிக்கே வயர் கூடையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போய்விடுவார். நானும் இரண்டொரு முறை கூடப் போயிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் "சின்னதா போடுங்க பாய், நல்லி வெச்சிப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் மட்டும் எலும்பில்லாத தொடைக்கறியை ஒரே கட்டியாகக் கேட்பார்.

"எல்லாரும் வெட்டிக் குடுங்கன்னுதான் கடைக்கி வராங்க. நீ வெட்டாத குடுங்கன்னு வர. அப்ப நான் எதுக்குக் கட்ட போட்டுக்கினு உக்காந்திருக்கறேன்?" என்பார் பாய்.

"உங்க கைக்கு ரெஸ்ட்டு பாய்."

"ரெஸ்ட்டு குடுக்கறவன் வாரம் நாலு பேர கூட்டிட்டு வாப்பா. ஒருத்தனா வந்தா எனக்கு இன்னா ரெஸ்ட்டு?"

வீட்டுக்கு வந்ததும் கறியைக் கழுவித் துடைத்து, பேப்பர் படித்து முடிக்கிற நேரம் ஃப்ரீசரில் வைப்பார். லேசாக விறைத்தால் கத்திக்கு அடங்கும் என்பார். பிறகு மேடைக்கு அடியிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்துக் கவிழ்ப்பார். எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஒரு ஜாடி இருக்கும். பளபளப்புக்காக மேலே பூசும் மெருகு ஒரு பக்கம் அதிகமாக வழிந்ததால் கழித்துவிடப்பட்டது, அல்லது வாய் கொஞ்சம் கோணியது. கழித்த சாமானை வீட்டுக்குக் கொண்டு வராத பீங்கான் வேலைக்காரர் யாரும் இல்லை. ஜாடியின் உடம்பெல்லாம் வழவழப்பாக இருந்தாலும் அடியில் இருக்கும் வளையத்துக்கு மட்டும் மெருகு இருக்காது. அங்கே மெருகு இருந்தால் சூளையில் பலகையோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் துடைத்து விட்டுவிடுவார்கள். அந்தச் சொரசொரப்பான வளையத்தில்தான் இங்கே கத்தி தேய்ப்பார்கள். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. சரக், சரக் என்று அந்தச் சத்தம் கேட்டால் நான் சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பிப்பேன். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வெட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கத்தியை அழுத்த மாட்டார். இழுப்பார், அவ்வளவுதான். முதல் துண்டை மட்டும் எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். வெளிச்சம் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் அந்தத் துண்டு குழம்புக்குப் போகும்.

மகளைச் சுமந்துகொண்டிருந்த நான்காம் மாதம், எனக்கு எதுவும் வயிற்றில் நிற்காத நாட்களில், கறி வேகும் வாசனை தெருமுனையில் வந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மெல்லிய துண்டுகளைத் தண்ணீரே விடாமல், இரும்புச் சட்டியில் மிளகும் உப்பும் மட்டும் போட்டுப் புரட்டி எடுத்து வந்தார். ஓரமெல்லாம் முறுகியிருந்தது. ஒன்றே ஒன்று என்று வாயில் போட்டேன். பிறகு அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டு, அவர் ஒவ்வொன்றாகச் சட்டியிலிருந்து எடுக்க எடுக்க, சட்டி காலியாகும்வரை தின்றேன். அவருக்கு ஒரு துண்டாவது வைத்தேனா என்று ஞாபகம் இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் எதற்கும் பயப்படாதவளாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. உண்மையில் அப்போதும் பயந்துகொண்டுதான் இருந்திருப்பேன்.

மகள் பிறந்து அவளுக்குப் பல் வந்ததும் அவளும் அந்தத் துண்டுகளுக்கே பழகினாள். அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு துண்டை வாங்கி, அவரைப் போலவே ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். எனக்கு அது அப்போது ஒரு வேடிக்கை. பிள்ளைக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

போன ஆனி மாதம் அவருக்கு குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. இங்கே வாங்கியதைப் போல இரண்டு மடங்கு சம்பளம். வேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே காரணம் கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவும் அப்பாவும் நல்லூர்ப் பக்கம் நிலத்தோடு இருக்கிறார்கள். எங்கள் மாடியில் அவருடைய அக்கா இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் யூனிட்டில் வேலை. அவர் துணை இருக்கும் தைரியத்தில் நானும் மகளும் இங்கேயே தங்கிவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கறி வாங்கினேன். எல்லோரையும் போல எலும்போடு, கடையில் வெட்டிய துண்டாக. குழம்பு வைத்தேன். மகள் ரசம் சோறு கேட்டாள். சரி, அப்பாவைத் தேடுகிறாள், இரண்டு வாரத்தில் பழகிவிடுவாள் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன்.

ஆவணியில் கருவேப்பிலங்குறிச்சியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் யாரோ ஆசையாக அவள் இலையில் கறி வைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வாயைத் திறந்துகொண்டு சத்தமே இல்லாமல் இருந்தாள். இருமல்கூட இல்லை. அண்ணிதான் அவளை முழங்கை மேல் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். மூன்றாவது தட்டில் வந்து விழுந்தது. நரம்போடு ஒரு துண்டு, என் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். அவள் அழ ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்துதான் கன்னம்.

அந்த மாதக் கடைசியில் காய்ச்சலுக்காக டாக்டரிடம் போனபோது கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். "ரத்தம் கம்மியா இருக்குதும்மா. சிரப் தரேன். ஆனா சாப்பாட்டுலயும் ஏறணும். கறி, ஈரல், முட்டை, கீரை எல்லாம் குடுங்க."

"கறிய மெல்ல மாட்டேங்கிறா டாக்டர். வாயிலயே வெச்சிக்கறா."

"பெருசா குடுக்காதீங்க. மெல்லிசா வெட்டி, நல்லா வேக வெச்சிக் குடுங்க. பக்கத்துலயே உக்காந்துக்குங்க. மூணு மாசம் கழிச்சி திரும்ப டெஸ்ட் பண்ணுவோம். ஏறலன்னா வேற என்னான்னு பாக்கணும்."

வேற என்னான்னு என்றால் என்ன என்று கேட்டேன். அதை அப்போது பார்க்கலாம் என்றார். எவ்வளவு மெல்லிசாக என்று கேட்டேன். விரலால் காட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்று கேட்டேன். இதற்குள் வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

கொத்துக்கறி கொடுத்துப் பார்த்தேன். "மண்ணு" என்று சொல்லி நாக்கை நீட்டிவிட்டாள். ஈரல் வாசனைக்கே முகத்தைத் திருப்பினாள். முட்டையில் வெள்ளை மட்டும். கீரையைச் சோற்றிலிருந்து பொறுக்கி எடுத்து எனக்கே ஊட்டிவிட்டாள். மிச்சம் இருந்தது அவர் வெட்டும் மெல்லிய துண்டு. பாயிடம் எலும்பில்லாத கட்டியாக வாங்கி, ஃப்ரீசரில் வைத்து, ஜாடியில் கத்தி தேய்த்து, எல்லாம் அவர் செய்த மாதிரியே செய்தேன். வெட்டியதைப் பார்க்க அண்ணி கீழே இறங்கி வந்தார்.

"ஏம்மா, இது கறித்துண்டா, கதவுக்கு வெக்கிற ஆப்பா?"

ஒரு ஓரம் மெல்லிசாகவும் மறு ஓரம் விரல் தடிமனாகவும் இருந்தது. "அப்ப நீங்க வெட்டிக் குடுங்களேன் அண்ணி."

"நானா? பொம்மைக்குப் புருவம் எழுதற கை இது. கறி வெட்டி கை நடுங்கிச்சின்னா நாளைக்கி அத்தன பொம்மையும் கோவமா பாக்கும். எவன் வாங்குவான்?"

அன்று இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டேன். பிளாஸ்டர் ஒட்டிய விரலோடு போனில் தேடத் தொடங்கினேன்.

வீட்டில் கறியை மெல்லிசாக வெட்ட மூன்று விதமான சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் வேர் நறுக்குவார்களே, அதுபோல ஒரு பக்கம் பூட்டிய கத்தியைக் கைப்பிடி பிடித்து அழுத்துவது. இருப்பதில் விலை குறைவு, கரண்ட் வேண்டாம். இரண்டாவது, கையால் சுற்றுகிற வட்டக் கத்தி. மூன்றாவது, மோட்டார் வைத்த வட்டக் கத்தி. கறியை ஒரு சின்னத் தட்டில் வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும், பக்கத்தில் உள்ள திருகால் தடிமனைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு நல்ல மிக்ஸியின் விலை. ஹோட்டல்களில் வைக்கிற பெரிய மெஷின் வேறு இருக்கிறது, அந்த விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

கடைத்தெருவில் மிக்ஸி விற்கும் கடையில் கேட்டேன். "பிரெட்டு வெட்றதுக்கா, சிப்ஸ் சீவறதுக்கா?" என்றார் கடைக்காரர். கறிக்கு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எலும்பு மாட்டி மோட்டர் பூடும்மா. பேசாத மிக்ஸி வாங்கிக்குங்க, கறிய அரைச்சிடலாம்."

அண்ணி வேறு யோசனை சொன்னார். "சேத்தியாத்தோப்புல பஸ்ஸு நிக்கிற எடத்துல ஒருத்தரு வாழக்காய எண்ணெச் சட்டி மேலயே சீவறாரு பாரு, அந்தச் சீவற கட்டைய வாங்கி அதுல சீவிப் பாரேன்." அதையும் நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்கால வீடியோ காலில் அவரிடம் சொன்னேன்.

"எதுக்குப் புள்ள மெஷினு? மாசி மகத்துக்கு நான்தான் வந்துடறேனே."

"மாசி வரைக்கும் ரத்தம் காத்திருக்குமாங்க?"

மறுநாளிலிருந்து என்னைவிட அவர்தான் அதிகம் தேடினார். வேலை இடைவேளையில் ஒவ்வொரு மெஷினாக அனுப்புவார். நான் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்தை மட்டும் படிப்பேன். அழுத்தும் கத்தியில் குழந்தை கை வைத்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. கையால் சுற்றுவதில் ஒரு கை சுற்ற, ஒரு கை தள்ள, மெஷினை யார் பிடிப்பது? மோட்டார் மெஷினில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும், அது நல்லது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாதாம். அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கால்கள் எங்கள் கடப்பாக் கல் மேடையில் பிடிக்குமா? பிளேடைக் கழற்ற முடியாவிட்டால் பின்னால் ஒட்டும் கொழுப்பை எப்படித் துடைப்பது? மூன்று முறை வாங்கப் போய் மூன்று முறையும் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

"நீ கல்யாணத்துக்கு என்னைக்கூட இவ்ளோ யோசிக்கல" என்றார்.

"அப்ப யோசிச்சிருக்கணும்" என்றார் பின்னால் நின்ற அண்ணி.

கடைசியில் மோட்டார் வைத்ததையே அவர் அங்கிருந்து ஆர்டர் போட்டு அனுப்பினார். பிளேடு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பிளேடின் ஓரம் முழுக்க ரம்பம் போலச் சின்னச் சின்னப் பற்கள். பார்சல் வந்தபோது புரட்டாசி பிறந்து பத்து நாள். எங்கள் வீட்டில் புரட்டாசியில் கறி கிடையாது. பிள்ளைக்கு மட்டும் செய்யலாமா என்று அண்ணியைக் கேட்டேன். "கொழந்தைக்கி ஏது வெரதம், பேஷா செய்யி" என்றார். மாமியாரைப் போனில் கேட்டேன், "ஒன் இஷ்டம்மா" என்றார். அந்த 'ஒன் இஷ்டம்' என்னைத் தடுத்துவிட்டது. மாதம் முடிகிறவரை அந்த மெஷினில் உருளைக்கிழங்கும் வாழைக்காயும் பிரெட்டும்தான் வெட்டிப் பழகினேன். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்று அப்படிப் போயிற்று. நான் செய்தது சரியா என்று இன்னமும் தெரியவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு, கறிக்கடையில் "தொடைக்கறி, ஒரே கட்டியா" என்றேன். பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி வந்துட்டாப்லயா?"

"இல்ல பாய். மெஷினு வாங்கியிருக்கோம்."

"இன்னா மெஷினு?"

"கறி வெட்றது."

அவர் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டார். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "பாய், ஒங்க பொழப்புல மண்ணுதான் போங்க" என்றார். "இருக்கட்டும்மா. அந்த மெஷினு கடன் குடுக்குமா கேளு" என்றார் பாய்.

அன்று வெட்டியது சரியாக வரவில்லை. பேப்பர் படிக்கிற நேரம்தான் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். கறி பிளேடில் சுற்றிக்கொண்டு நார் நாராகக் கிழிந்தது. "அது கத்திக்கு" என்றார் என் கணவர் போனில். "மெஷினுக்கு ரெண்டு மணி நேரமாவது வெக்கணும்போல. கல்லு மாதிரியும் ஆவக் கூடாது, அழுத்துனா விரல் லேசா பதியணும்." அடுத்த ஞாயிறு அப்படியே செய்தேன். ஜவ்வை எல்லாம் சீவி எடுத்தேன். திருகைக் குறைந்த அளவில் வைத்துத் தள்ளினேன். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. ஒவ்வொன்றும் ஒரே அளவு. அவர் வெட்டியதைவிட நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

மிளகு போட்டுப் புரட்டித் தட்டில் வைத்து மகளின் முன் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். வாயில் போட்டாள். மென்றாள், விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள்.

"அப்பா வந்துட்டாங்களா?"

குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அவர் முன்பு அங்கே ஒளிந்து விளையாடியதுண்டு. மாடிப்படி ஏறி, "அத்த, அப்பா ஒங்க வூட்ல இருக்காங்களா?" என்று கேட்பது கீழே எனக்குக் கேட்டது. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவளிடம், "அப்பா வரலடா கண்ணு, இத மெஷினு வெட்டுச்சி" என்றேன். மெஷினைக் காட்டவும் செய்தேன். அவள் உட்கார்ந்தாள். கையிலிருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் உப்பியது.

அன்று மாலை அவரிடம் சொன்னபோது, "நான்தான் வெட்டுனேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"மெஷின் நான் அனுப்புனதுதானே? பாதிப் பொய்தான்."

நான் சம்மதிக்கவில்லை. அவரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் சாப்பிடும் அதே நேரத்தில் வீடியோ காலில் வந்துவிடுவார். அவர் வேலை செய்யும் இடத்து மெஸ்ஸில் கறி என்ற பேச்சே கிடையாது. ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. மகள் ஒவ்வொரு துண்டையும் முதலில் போனுக்குக் காட்டுவாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "வெளிச்சம் தெரியுது, போடு" என்பார். அவள் மென்று விழுங்கி வாயைத் திறந்து காட்டினால், அவர் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்டுவார். "அப்பா, ஒனக்குக் கறி இல்லியா?" "நீ துன்னா எனக்கும் ரத்தம் ஊறும்." "பொய்யி." "சரி, பொய்யிதான். இன்னொன்னு போடு." அருகில் சாப்பிடும் யாரோ ஹிந்தியில் ஏதோ கேட்பார்கள், அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். நான்கு வாரம் இப்படிப் போயிற்று. நான்கு வாரமும் கன்னம் உப்பவே இல்லை. அவள் உதடு கொஞ்சம் சிவந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. அண்ணியிடம் கேட்டால், "டியூப் லைட்ட மாத்தியிருக்க, அதான்" என்றார்.

அந்த நான்கு ஞாயிறுகளையும் இப்போதே பழைய காலம்போல நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரம் துண்டுகள் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தன. பிளேடு மழுங்கிவிட்டதோ என்று தோன்றியது. மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தை, பார்சல் வந்த அன்றே நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். பிளேடைத் தீட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் தீட்டுவது என்றால் எனக்குச் சாணைக்காரர் சக்கரம் சுற்றித் தீப்பொறி பறக்கத் தீட்டுவது. ஜாடி அடியில் தேய்ப்பதை எங்கள் ஊரில் யாரும் தீட்டுவது என்று நினைப்பதில்லை. வெட்டுவதற்கு முன் கை கழுவுவதுபோல அது. திருகைக் கழற்றி, பிளேடைத் துணியால் பிடித்து, ஜாடியைக் கவிழ்த்து, அவர் செய்வதுபோல வளையத்தில் வைத்து இழுத்தேன். கொஞ்சம் திருப்பி மறுபடி இழுத்தேன். முழு வட்டம் சுற்றி வந்தேன். மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தில், இன்னொரு சுற்றும் தேய்த்தேன்.

துடைத்துப் பார்த்தபோது பற்கள் பாதி இல்லை. சில இடத்தில் மழுக்கை, சில இடத்தில் கூர். மாட்டி ஓட்டினேன். கறியை வெட்டாமல் பிய்த்துத் தள்ளியது.

அவரிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னதும் முதலில் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன், விடு" என்றார். அண்ணிக்கு அந்த இரக்கம் இல்லை. "கத்திக்குப் பல்லு இல்ல, தேய்க்கலாம். பல்லு இருக்கிறத ஏம்மா தேய்ச்ச?" என்று கேட்டார். அவர் சொல்வது சரிதான். ஒரு பீங்கான் ஊர்க்காரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். தீட்டிய பிளேடுக்கு வாரண்டி கிடையாதாம். பிளேடு தனியாக இப்போது இருப்பில் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். போன ஞாயிறு மறுபடி கத்தியில் வெட்டினேன். முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் வந்தது. மகள் ஒன்றை எடுத்துப் போனுக்குக் காட்டினாள். அவர் "வெளிச்சம் தெரியுதே" என்றார். வெளிச்சம் தெரியவில்லை, அவர் சும்மா சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டாள். மூன்று துண்டு மட்டும், நான் கெஞ்சியதற்காக. அதில் இரண்டு கன்னத்துக்குப் போயின.

இன்னும் பன்னிரண்டு நாளில் டாக்டர் சொன்ன மறு பரிசோதனை. அதற்குள் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. அதனால் படிப்பவர்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். பல் இல்லாத வழவழப்பான வட்டப் பிளேடு இந்தச் சின்ன மெஷின்களுக்குத் தனியாகக் கிடைக்கிறதா, கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்த மாதிரிக் கடையில் கேட்க வேண்டும்? அல்லது விலை குறைந்த அந்த அழுத்தும் கத்தியையே வாங்கிவிடலாமா, வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கறியை வாயில் அடக்கி வைக்கும் பிள்ளைக்கு வேறு எப்படி ரத்தம் ஏற்றினீர்கள்? வரும் ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பார்த்து அவள் "அப்பாவா வெட்னாங்க?" என்று கேட்டால், அவர் சொன்ன அந்தப் பாதிப் பொய்யைச் சொல்லிவிடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.